கழிவுநீர் போதவில்லை!

கழிவுநீர் தங்கள் பக்கம் போதிய அளவு வரவில்லை என்று குறைப்படும் மனிதர்களைப் பற்றி நீங்கள் கேள்விப்பட்டதுண்டா? கொல்கத்தா நகரின் கிழக்கு எல்லையில் அத்தகையவர்கள் ஆயிரக்கணக்கில் வாழ்கிறார்கள். அவர்கள் மீன் வளர்ப்பவர்கள். நகரம் வேண்டாமென்று ஒதுக்கும் நீரே அவர்களுடைய மூலதனம்.

தேசப்படத்தை எடுத்துப் பாருங்கள். ஹூக்ளி ஆறு நகரின் மேற்கே ஓடுகிறது. ஆனால் நிலமோ ஆற்றங்கரையிலிருந்து கிழக்கு நோக்கிச் சரிகிறது. ஆகவே 19ஆம் நூற்றாண்டில் சாக்கடைகள் அமைத்தபோது, கழிவுநீரைக் கிழக்கே இருந்த உப்புநீர்ச் சதுப்புகளின் பக்கம் திருப்பினார்கள். அங்கு ஓடிய வித்யாதரி ஆறு நாளடைவில் வண்டல் படிந்து தூர்ந்தது. கடல்நீர் வருவது நின்றது. உப்புநீர் மீன்களை இழந்த மக்கள் 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில், வாய்க்காலில் வந்த கழிவுநீரைக் குளங்களில் பாய்ச்சி நன்னீர் மீன்களை வளர்க்கத் தொடங்கினார்கள். எந்தப் பொறியியல் கல்லூரியும் இதை அவர்களுக்குக் கற்பிக்கவில்லை.

சாக்கடையில் மீனா என்று முகம் சுளிக்க வேண்டாம். கழிவுநீரிலுள்ள கரிமப் பொருள்களைப் பாக்டீரியாக்கள் சிதைக்கின்றன. அதற்குப் பிராணவாயு தேவை. நம் நாட்டு வெப்பநிலையில் ஒரு லிட்டர் நீர் காற்றிலிருந்து கரைத்து வைத்துக்கொள்ளக்கூடிய பிராணவாயு 7 அல்லது 8 மில்லிகிராம்தான். அது விரைவில் தீர்ந்துவிடும். ஆகையால் சுத்திகரிப்பு நிலையங்களில் மோட்டார் வைத்து நீருக்குள் காற்றை ஊதுகிறார்கள். மின்சாரச் செலவில் பெரும் பகுதி இதற்கே போகிறது.

கொல்கத்தாவின் குளங்களில் இந்த வேலையைப் பாசிகள் செய்கின்றன. நடுப்பகலில் ஒரு சதுர மீட்டர் பரப்பில் விழும் சூரிய ஒளியின் திறன் ஏறத்தாழ 1000 வாட். ஒரு ஹெக்டேர் குளத்துக்குப் பெருக்கிப் பாருங்கள்: 10,000 கிலோவாட்! இதில் நூற்றில் ஒரு பங்கைப் பாசிகள் பயன்படுத்தினாலும் 100 கிலோவாட் ஆயிற்று. குளங்கள் முழங்கால் அளவிலிருந்து மார்பளவு வரைதான் ஆழமுள்ளவை. ஒளி அதிக ஆழம் போகாது என்பதை அவர்கள் அனுபவத்தில் கண்டிருக்கிறார்கள். பகலில் பாசிகள் கரியமிலவாயுவை எடுத்துக்கொள்வதால் நீரின் காரத்தன்மை கூடுகிறது. அதுவும் வெயிலும் சேர்ந்து நோய்க்கிருமிகளை வெகுவாகக் குறைக்கின்றன. பாசி அளவுக்கு மீறினால் செத்து அழுகி, தான் கொடுத்த பிராணவாயுவைத் தானே விழுங்கிவிடும். அவ்வாறு ஆகாமல் ரோகு, கட்லா போன்ற மீன்கள் பாசியையும், அதைத் தின்னும் நுண்ணுயிரிகளையும் உண்டு கொழுக்கின்றன.

இவ்வளவும் தானாக நடப்பதாக எண்ணிவிடக் கூடாது. இரவில் ஒளி இல்லை. பாசியும் சுவாசிக்கிறது, மீனும் சுவாசிக்கிறது. பொழுது விடியும் நேரத்தில்தான் பிராணவாயு மிகக் குறைந்திருக்கும். அப்போது மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடும். கரையில் நிற்பவர் அதைக் கண்டு, அன்று மதகைத் திறக்கலாமா கூடாதா என்று முடிவு செய்கிறார். குளிர்காலத்தில் குளத்தை வற்றவைத்து, அடிமண்ணைக் கிளறிக் காயப்போடுகிறார்கள். புதிய கழிவுநீரைப் பாய்ச்சியதும் அதன் கருமை மாறிப் பச்சையாகும் வரை காத்திருந்து, பிறகே குஞ்சுகளை விடுகிறார்கள். நம் ஊர் ஏரிகளில் பகையென்று வாரியெறியும் வெங்காயத் தாமரையைக்கூட அவர்கள் கரையோரம் வேலிபோல வளர்க்கிறார்கள். அலையின் வேகத்தை அது தடுத்துக் கரையைக் காக்கிறது.

நகரத்தின் கழிவுநீர் எங்கே போய்ச் சேருகிறது என்று வாய்க்கால் வழியே தேடிச் சென்று, இந்த அறிவை உலகுக்கு எடுத்துச் சொன்னவர் துருவஜோதி கோஷ் என்ற பொறியாளர். 1992இல் கல்கத்தா உயர் நீதிமன்றம் இந்த நீர்நிலைகளை நிரப்பத் தடை விதித்தது. 2002இல் சுமார் 12,500 ஹெக்டேர் பரப்பு ராம்சார் பட்டியலில் இடம்பெற்றது. 2006இல் தனிச் சட்டமும் வந்தது. எனினும் நிரப்புவது அடியோடு நின்றுவிடவில்லை. நகரம் வளர வளர நிலத்தின் விலை ஏறுகிறது. 1962 முதல் ஹூக்ளி ஆற்று வண்டலைக் குழாயில் கொண்டுவந்து கொட்டி எழுப்பிய சால்ட் லேக் நகர்ப்பகுதியும் முன்பு சதுப்புதானே!

இத்தகைய இடங்களைக் காக்க வேண்டும் என்போரிலும் ஒரு சாரார் வேலி போடச் சொல்கிறார்கள். மற்றொரு சாரார் பூங்கா அமைத்துப் படகு விடச் சொல்கிறார்கள். இரண்டும் எனக்கு உடன்பாடு இல்லை. விடியற்காலையில் மீனின் வாயைப் பார்ப்பவர் போய்விட்டால் அங்கே எஞ்சுவது வெறும் சாக்கடைக் குட்டை. அதை நிரப்புவதற்கு யாரும் தடை சொல்லப் போவதில்லை.

இந்த முறைக்கு எல்லையும் உண்டு. பாக்டீரியா கரிமப் பொருளைச் சிதைக்கும். தோல் பதனிடும் ஆலைகள் விடும் குரோமியத்தைச் சிதைக்க முடியாது. அது ஒரு தனிமம். சூரியன் எவ்வளவு காய்ந்தாலும் குரோமியம் குரோமியமாகவே இருக்கும். அதை ஆலையின் வாசலிலேயே பிரித்தெடுக்க வேண்டும். இயற்கை பார்த்துக்கொள்ளும் என்று ஆலை முதலாளிகள் சொன்னால், அது அறிவியல் ஆகாது.

கழிவுநீர் போதவில்லை என்ற குறைக்கு வருவோம். வாய்க்கால்களில் வண்டல் சேர்ந்துவிட்டதால் கடைக்கோடிப் பண்ணைகளுக்கு நீர் போய்ச் சேர்வதில்லை. நீரில்லாத குளத்தை எத்தனை ஆண்டு வைத்துக்கொண்டிருப்பார்கள்? சுத்திகரிப்பு நிலையத்தின் மோட்டாருக்கு மின்கட்டணம் கட்டத் தயங்காத நகரங்கள், வாய்க்காலைத் தூர்வாரும் செலவையும் அதே கணக்கில் எழுதிக்கொள்ள வேண்டும். மீன் விற்ற காசிலிருந்து அதைக் கொடு என்று பண்ணைக்காரரைக் கேட்பது நியாயமாக எனக்குப் படவில்லை.