விஷ மீனாம், வெங்காயமாம்!

என் கூடப் படிச்ச பசங்க ரெண்டு பேருக்குப் புதுசா ஒரு கிறுக்கு புடிச்சிருக்கு. கண்ணாடித் தொட்டியில உப்புத்தண்ணி ஊத்தி, கோரைப்பல்லுல விஷம் இருக்கிற பிளென்னி மீன் வளர்க்கணுமாம். வளர்க்கட்டும், எனக்கென்ன போச்சு? ஆனா அந்த மீனைப் பத்தி அவங்களுக்குத் தெரிஞ்ச ஒரே விஷயம் "விஷம்". கடைக்காரர் சொன்னதும் அது ஒண்ணுதான். "செம கெத்து மச்சி"ங்கிறான் ஒருத்தன். என்னடா கெத்து?

நான் ஏம்பலத்துக்காரன். எங்க பக்கம் ஏரி குளத்துல தேளி உண்டு. பேருலயே தேள் இருக்கு. பக்கவாட்டு முள்ளு குத்திச்சுன்னா ராத்திரி தூக்கம் போச்சு. அதை உயிரோட கூடையில வச்சு விக்கிற அம்மா யாராச்சும் கெத்து காட்டி நீங்க பார்த்திருக்கீங்களா? சாம்பலைப் போட்டுப் புடிச்சுத் தேய்ச்சு, குழம்பு வச்சிட்டுப் போயிட்டே இருப்பாங்க.

இந்தப் பிளென்னியோட கதையே வேற. மெயகாந்தஸ்னு பேரு. மாலத்தீவு, இலங்கைப் பக்கக் கடல்ல இருக்கிற வகை முழுசா வளர்ந்தா எட்டு ஒன்பது சென்டிமீட்டர்தான். கீழ்த்தாடையில ரெண்டு கோரைப்பல், அடியில விஷப்பை. இரை புடிக்க அதைப் பயன்படுத்துறதில்லை. சாப்பாடு தண்ணியில மிதக்கிற பொடி உயிரிகள்தானே! பெரிய மீன் வாயில போட்டா உள்ளேயிருந்து ஒரு கடி. முழுங்க வந்தது வாயைப் பொளந்துகிட்டு நடுங்கும், இவரு நிதானமா வெளிய வந்துடுவாரு. ஜார்ஜ் லோசி 1972லேயே இதை எழுதிட்டார். 2017ல வந்த ஆராய்ச்சி இன்னும் சுவாரசியம். அந்த விஷத்துல ஓபியாய்டு வகைப் பொருள் இருக்கு, எலிக்கு ரத்த அழுத்தம் மூணுல ஒரு பங்குக்கு மேல இறங்குச்சு, ஆனா வலிச்ச மாதிரி தெரியலை. உடனே பத்திரிகைக்காரங்க "ஹெராயின் மீன்"னு தலைப்பு போட்டுக் கும்மியடிச்சாங்க. தொட்டிக்குள்ள கை விட்டு அதை நசுக்கினா கடிக்கும், வலிக்கும், வீங்கும். மத்தபடி அது தேமேன்னு இருக்கிற மீன்.

ஆக, ஆபத்து யாருக்கு? மீனுக்கு!

ஒருத்தன் கேக்குறான், "மரக்காணம் கல்லுப்பு கரைச்சா கடல் தண்ணிதானே?" இல்லைய்யா. உப்பளத்துல உப்பு படிஞ்சதும் மிச்சம் இருக்கிற கசப்புத் தண்ணியை வடிச்சுடுவாங்க. மக்னீசியம் பெரும்பாலும் அதோட போயிடும். மீன் தொட்டிக்குன்னே விக்கிற உப்பு வேணும், லிட்டருக்கு ஏறத்தாழ 35 கிராம். 200 லிட்டர் தொட்டின்னா ஏழு கிலோ. இன்னொருத்தன் வீராம்பட்டினத்துல கேன்ல மொண்டு வரேங்கிறான். மழைக்காலத்துல ஆத்துத் தண்ணி கலந்து கடலோர உப்பே இறங்கிப் போயிருக்கும், அளந்தியா? மே மாசம் தொட்டித் தண்ணி ஆவியாகும், உப்பு ஆவியாகாது. தினம் நல்ல தண்ணி ஊத்தி ஈடுகட்டணும். சூடான தண்ணியில ஆக்சிஜன் வேற கம்மி. அந்த நேரம் பார்த்துக் கரண்டு போனா இன்வெர்ட்டர் ஃபேனுக்கா, பம்புக்கா? வீட்டுல அம்மா என்ன சொல்லுவாங்கன்னு எனக்குத் தெரியும் :-)

அடுத்த கொடுமை ஆள் மாறாட்டம். விஷமே இல்லாத வேற கோரைப்பல் பிளென்னிகள் இதே நிறத்துல, இதே நெளிப்போட திரியும். அதுல சிலது மத்த மீனோட செதிலையும் தோலையும் கடிச்சுத் தின்னும். விஷக்காரர் சாது, வேஷக்காரர் ரவுடி. "விஷம்"னு மட்டும் கேட்டு வாங்குறவனுக்கு எது வந்து சேர்ந்ததுன்னு எப்படித் தெரியும்?

அப்புறம் அது ஒளிய "ஒரிஜினல் பவளக் கல்" வேணுமாம். அண்ணே, 2001லேருந்து கடல்ல பாறை கட்டுற பவளம் எல்லாமே வனவிலங்குச் சட்டத்தோட முதல் அட்டவணையில இருக்கு. புலி எந்தப் பட்டியலோ அதே பட்டியல். மாட்டினா மூணு வருசத்துலேருந்து ஏழு வருசம் வரை உள்ள. வாங்குறவனும் தப்ப முடியாது. கெத்து காட்ட அங்கே போய் ரீல்ஸ் போடுங்க.

அமெரிக்காவுல இந்த மீனைப் பண்ணையிலேயே குஞ்சு பொரிக்க வச்சு விக்கிறாங்க. இங்க நம்ம பரங்கிப்பேட்டையிலயும் மண்டபத்துலயும் கோமாளி மீனைக் குஞ்சு பொரிக்க வச்சாச்சு. உப்புத்தண்ணி ஆசை அடங்கலைன்னா அந்த மாதிரிக் குஞ்சுலேருந்து ஆரம்பிங்க. ஆறு மாசம் உப்பு அளவு ஆடாம வச்சுக் காட்டுங்க. அதுக்கப்புறமும் பிளென்னிதான் வேணும்னா, கடைக்காரர்கிட்ட முழுப் பேர் என்ன, எந்தக் கடல்ல புடிச்சது, இரை எடுக்குதான்னு மூணு கேள்வி கேளுங்க. "விஷ மீன் சார், ஃபுல் டிமாண்ட்"னு பதில் வந்தா காசைப் பாக்கெட்லயே வச்சுக்கிட்டு பஸ் ஏறிடுங்க.

டிஸ்கி: தேளிக் குழம்புக்கு எங்க வீட்டுக்கு வரலாம். முள்ளை நாங்களே எடுத்துடுவோம்.