நூலகத்தில் கல்யாணப் படங்கள்

திருமணத்தைப் பற்றிய நல்ல திரைப்படங்களைப் பொது நூலகங்கள் வாரம் ஒன்றாக இலவசமாகத் திரையிட வேண்டும். மண்டபத்துக்கும் விருந்துக்கும் மாதக்கணக்கில் திட்டமிடும் நம் குடும்பங்கள், மணவாழ்வைப் பற்றி மணமக்களோடு மனம்விட்டுப் பேசுவது அபூர்வம். அந்தப் பேச்சை ஒரு படம் தொடங்கிவைக்கும்.

ஸ்ரீதரின் 'கல்யாண பரிசு' (1959), அக்காவுக்காகத் தன் காதலை விட்டுக்கொடுக்கும் தங்கையின் கதை. அந்தத் தியாகம் மூவரையும் வாட்டுகிறது. அவரது 'நெஞ்சில் ஓர் ஆலயம்' (1962) இன்னும் துணிச்சலானது. நோயுற்ற கணவன், தனக்குப் பின் மறுமணம் செய்துகொள்ளும்படி மனைவியிடம் சொல்கிறான். இன்றும் பல வீடுகளில் எழாத பேச்சு அது. மணிரத்னத்தின் 'மௌன ராகம்' (1986) பெண்ணின் சம்மதத்தைப் பற்றியது. மீரா நாயரின் 'மான்சூன் வெட்டிங்' (2001), கல்யாண வீட்டின் கொண்டாட்டத்துக்கு நடுவே உறவினர் ஒருவரின் பாலியல் அத்துமீறலை வெளியே கொண்டுவருகிறது. பெரியவர்களும் இளையவர்களும் சேர்ந்து பார்க்க வேண்டிய படம்.

உரிமைச் சிக்கல் பெரிதல்ல. இந்தியச் சட்டப்படி திரைப்படத்தின் பதிப்புரிமை 60 ஆண்டுகள். ஸ்ரீதரின் அவ்விரு படங்களும் அதைக் கடந்தவை. மற்றவற்றுக்கு முறையாக அனுமதி பெறலாம்.

தமிழகத்தில் சொத்து வரியோடு நூலக வரியும் செலுத்துகிறோம். மாவட்ட மைய நூலகங்கள் இந்தத் தொடரை உடனே தொடங்கட்டும்; வாசகர்களும் நூலகரிடம் இதைக் கேளுங்கள்.