நடைபாதையில் நோய் ஆறாது

காசநோய்க்கு அரசு மருத்துவமனையில் மாத்திரை இலவசம். ஆறு மாதம், ஒரு நாள் விடாமல் விழுங்க வேண்டும். சத்தான சாப்பாட்டுக்கென்று மத்திய அரசு 2018 முதல் மாதம் 500 ரூபாய் கொடுத்துவந்தது. 2024 நவம்பரில் அது 1,000 ரூபாயானது. இவ்வளவும் செய்துவிட்டு அந்த நோயாளியைச் சென்னை வால்டாக்ஸ் சாலை நடைபாதைக்கே திருப்பி அனுப்புகிறோம். அங்கே ஒரே தார்ப்பாய்க்கு அடியில் மனைவி, பிள்ளைகள், வயதான தாய் எல்லோரும் நெருக்கியடித்துப் படுத்திருக்கிறார்கள். ஒரு மழை அடித்தால் மாத்திரை அட்டை ஊறிப்போகும். ஆக்கிரமிப்பை அகற்றுகிறோம் என்று லாரி வந்தால், துணிமூட்டையோடு மருந்துச் சீட்டும் போய்விடும்.

சர்க்கரை நோயாளியின் பாடு இன்னும் மோசம். இன்சுலினைக் குளிர்ச்சியாக வைக்க வேண்டும். சித்திரை வெயிலில் பிளாட்பாரத்தில் அதை எங்கே வைப்பது? பக்கத்து டீக்கடைக்காரர் மனது வைத்து ஃப்ரிட்ஜில் ஓர் ஓரம் கொடுத்தால் உண்டு.

பெண்களோ தண்ணீர் குடிக்கவே யோசிக்கிறார்கள். இருட்டிய பிறகு ஒதுங்க இடமில்லை என்பதால் பொழுது சாயும்போதே வாயைக் கட்டிவிடுகிறார்கள். சிறுநீர்த் தொற்று திரும்பத் திரும்ப வராமல் என்ன செய்யும்? வயதுக்கு வந்த மகள் இருந்தால் தாய்க்குத் தூக்கமும் கிடையாது. விடிய விடிய விழித்திருந்தவள் காலையில் பூக்கட்டவோ வீட்டு வேலைக்கோ போயாக வேண்டும். அவளுக்கு ரத்தக் கொதிப்பு மாத்திரை கொடுத்து, 'நன்றாகத் தூங்கம்மா' என்று சொல்லி அனுப்புகிறார் மருத்துவர்.

இவர்களை ஊர் ஊராகத் திரிபவர்கள் என்று நினைப்பது பெரிய தவறு. பாரிமுனையிலும் சௌகார்பேட்டையிலும் பாட்டன் காலத்திலிருந்து அதே நடைபாதையில் பிறந்து வளர்ந்த குடும்பங்கள் இருக்கின்றன. சுமை தூக்குவது, மீன்பாடி வண்டி ஓட்டுவது, பூ விற்பது என்று அந்த வட்டாரத்தின் வியாபாரமே அவர்கள் முதுகில்தான் நடக்கிறது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு நாடு முழுவதும் வீடற்றவர்கள் ஏறத்தாழ 17.7 லட்சம் பேர் என்றது. 2021-ல் வந்திருக்க வேண்டிய கணக்கெடுப்பு தள்ளிப்போனதால், இன்றும் அந்தப் பழைய எண்ணை வைத்தே பேசிக்கொண்டிருக்கிறோம்.

நகரங்களில் ஒரு லட்சம் பேருக்கு ஒரு காப்பகம், அதுவும் ஆண்டு முழுக்க, நாள் முழுக்கத் திறந்திருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2010-ல் உத்தரவிட்டது. சென்னை மாநகராட்சி தொண்டு நிறுவனங்களோடு சேர்ந்து காப்பகங்களை நடத்துகிறது. பெரிய அரசு மருத்துவமனைகளை ஒட்டியும் அமைத்திருக்கிறது. தனியாக வந்து சேர்ந்த முதியவருக்கும் ஆதரவற்ற பெண்ணுக்கும் இவை உயிர் காக்கும் இடங்கள். அதில் நமக்குச் சந்தேகமில்லை. ஆனால் பெரும்பாலான காப்பகங்கள் ஆண்களுக்கு, பெண்களுக்கு, சிறுவர்களுக்கு என்று தனித்தனியாக இருப்பவை. கணவன் ஒரு பக்கம், மனைவி ஒரு பக்கம் என்று பிரிந்து போய்ப் படுக்க எந்தக் குடும்பம் சம்மதிக்கும்?

சரி, அடுக்குமாடி வீடு கொடுக்கிறோமே என்றால், அது தொலைவிலுள்ள கண்ணகி நகரிலோ பெரும்பாக்கத்திலோ இருக்கிறது. பாரிமுனையில் விடியற்காலையில் லோடு இறக்குபவர் அங்கிருந்து எப்படி வந்து சேருவார்? போனவர்களில் சிலர் பழைய நடைபாதைக்கே திரும்பிவருவதற்கு அவர்களைக் குறை சொல்வதில் நியாயமில்லை. வேலை இங்கே, பள்ளிக்கூடம் இங்கே, பார்த்துவரும் ஆஸ்பத்திரியும் இங்கே.

வீடு கொடுத்தால் என்ன நடக்கும் என்பதற்குச் சென்னையிலேயே சாட்சி உண்டு. மனநோயால் தெருவுக்கு வந்த பெண்களுக்காக 1993-ல் தொடங்கப்பட்ட 'தி பான்யன்' அமைப்பு, 2015 முதல் அவர்களைச் சாதாரணத் தெருக்களில் வாடகை வீடுகளில் நாலைந்து பேராகக் குடிவைக்கிறது. ஆண்டுக்கணக்கில் விடுதியில் கிடந்தவர்கள் தாங்களே சமைத்து, கடைக்குப் போய், அக்கம்பக்கத்தாரோடு பேசிப் பழகி வாழ்கிறார்கள். உதவிக்கு ஒருவர் கூட இருக்கிறார், அவ்வளவுதான்.

வடசென்னையில் தமிழ்நாடு நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியத்தின் பழைய குடியிருப்புகளை இடித்துப் புதிதாகக் கட்டுகிறார்கள். அங்கே குடியிருந்தவர்களுக்குக் கொடுத்தது போக மிஞ்சும் வீடுகளில் முதல் உரிமை அதே வட்டாரத்து நடைபாதைக் குடும்பங்களுக்கு வேண்டும். காசநோய்க்கு மருந்து சாப்பிடுபவரும் கைக்குழந்தைக்காரியும் பட்டியலில் முன்னால் வர வேண்டும். இரவில் அதிகாரிகள் நேரில் வந்து பார்த்து எழுதிக்கொள்வதே போதிய ஆதாரம். குடும்ப அட்டை இல்லை, வாடகை ரசீது இல்லை என்று ஒருவரைக்கூட வரிசையிலிருந்து எழுப்பி அனுப்பக் கூடாது.