பிள்ளை பார்க்கும் சகோதரிக்கு ஒரு வார்த்தை



சென்ற மாதம் கோயிலில் அர்ச்சனைத் தட்டோடு நின்றிருந்த என்னை ஒரு சகோதரி தனியே அழைத்தார். “பதினைந்து வருஷமாய் வீட்டில் பிள்ளை பார்க்கிறேன், அக்கா. இப்போது ஒரு தாஸ்காவில் வேலைக்குக் கூப்பிடுகிறார்கள். போகலாமா?” என்று கேட்டார். நான் வாய் திறப்பதற்குள் அவரே, “சொந்தமாய் இருந்துவிட்டு, இனிமேல் ஒருத்தரிடம் கைகட்டி நிற்பதா?” என்றும் சொன்னார்.

இதற்குப் பதில் சொல்ல எனக்குக் கொஞ்சம் உரிமை உண்டு. சுங்கைப் பட்டாணியில் என் வீட்டுக் கூடத்தில் 12 வருடம் பிள்ளைகளைப் பார்த்தவள் நான். 2019இல் தாஸ்காவில் வேலைக்குச் சேர்ந்தேன்.

பிள்ளை பார்ப்பது நமக்குப் புதிய தொழிலா? என் தாயார் பால்மரம் வெட்டியவர். விடியுமுன் பெரட்டுக்குப் போகும்போது என்னை ஆயாக் கொட்டகையில் விட்டுவிட்டுத்தான் போவார். வரிசையாய்த் தொங்கும் ஏணைகளையும், ஒரு கையால் ஏணையை ஆட்டிக்கொண்டே மறு கையால் இன்னொரு பிள்ளைக்குக் கஞ்சி ஊட்டும் ஆயாவையும் தோட்டத்தில் பிறந்த யாரும் மறக்கமாட்டார்கள். தோட்டத்தை விட்டுப் பட்டணத்துக்கு வந்த பிறகு அந்த வேலையைத்தான் நாம் வீட்டுக்குள் செய்தோம். தொழிற்சாலைக்குப் போகும் தாய்மார் நம்மை நம்பிப் பிள்ளையை விட்டார்கள். அதைச் சிறிய வேலை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

ஆனால் அந்த வேலையில் ஓர் ஆபத்து இருந்தது. அது எனக்கு ஒரு பிற்பகலில்தான் விளங்கியது.

அன்று என்னிடம் மூன்று பிள்ளைகள். ஒன்றரை வயதுப் பையனுக்குக் காலையிலிருந்தே உடம்பு சுட்டது. பகல் சோற்றுக்குப் பிறகு திடீரென்று கண் செருகி, கைகால் வெட்டி வெட்டி இழுத்தது. ஏணையில் ஒரு கைக்குழந்தை. அடுப்பங்கரை வாசலில் தவழ்கிற பெண் பிள்ளை. அடுப்பில் கொதிக்கிற ரசம். யாரைத் தூக்குவேன்? யாரை விடுவேன்? பையனை அள்ளிக்கொண்டு வாசலில் நின்று கத்தினேன். எதிர்வீட்டு மக்சிக் ஓடிவந்து மற்ற இரண்டு பிள்ளைகளையும் பார்த்துக்கொண்டார். அவர் மகன் தன் காரில் எங்களை மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்.

பையன் பிழைத்தான். காய்ச்சலால் வந்த இழுப்புதான் என்றார் டாக்டர். அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அந்த மக்சிக் அந்த நேரம் சந்தைக்குப் போயிருந்தால்? இந்தக் கேள்விதான் என்னை வீட்டை விட்டு வெளியே அழைத்துப் போனது.

சட்டம் என்ன சொல்கிறது என்று பார்ப்போம். 1984ஆம் ஆண்டின் குழந்தைப் பராமரிப்பு மையச் சட்டப்படி, ஒரே குடும்பத்தைச் சேராத, நான்கு வயதுக்குட்பட்ட நான்கு பிள்ளைகளோ அதற்கு மேலோ கூலிக்குப் பார்த்தால், அந்த இடத்தைச் சமூகநல இலாகாவில் பதிய வேண்டும். ஒன்பது பிள்ளைகள் வரை வீட்டுத் தாஸ்கா. பத்தும் அதற்கு மேலும் என்றால் முழுத் தாஸ்கா. “இன்னும் ஒரு பிள்ளைதானே” என்று நான்காவது பிள்ளையை ஏற்கும் சகோதரிகள் இதை மனத்தில் வைக்க வேண்டும்.

தாஸ்காவில் ஆள் கணக்கு உண்டு. ஒரு வயதுக்குட்பட்ட 3 பிள்ளைகளுக்கு ஒருவர். ஒன்று முதல் மூன்று வயது வரை 5 பிள்ளைகளுக்கு ஒருவர். மூன்று முதல் நான்கு வயது வரை 10 பிள்ளைகளுக்கு ஒருவர். ஒரு பிள்ளைக்கு ஆபத்து என்றால் மற்ற பிள்ளைகளைப் பார்க்க இன்னொரு கை பக்கத்திலேயே இருக்கிறது. நான் வேலைக்குச் சேர்ந்தது அந்த இன்னொரு கைக்காகத்தான்.

போனதும் எல்லாம் இனித்துவிடவில்லை. என் மகள் வயதுள்ள ஒரு பெண்தான் எனக்கு மேற்பார்வையாளர். முதல் வாரமே, “அக்கா, குழந்தையை மல்லாக்கத்தான் படுக்க வைக்கணும், தலையணை வேண்டாம்” என்றாள். வசம்பு உரைத்துக் கொடுக்கப் போனேன். தாய் எழுதிக் கொடுக்காமல் ஒரு சொட்டு மருந்தும் கூடாது என்று தடுத்தாள். எத்தனை அவுன்ஸ் பால், எத்தனை முறை வெளிக்குப் போனது, எத்தனை மணிக்குத் தூங்கியது, எல்லாவற்றையும் நோட்டில் எழுத வேண்டும். முதலில் எனக்குக் கோபம் வந்தது. அடிப்படைப் பராமரிப்புப் பயிற்சிக்கு அனுப்பினார்கள். முதலுதவியைக் கையால் செய்து பழகியபோதுதான், ‘அன்று இது தெரிந்திருந்தால்’ என்று மனம் குன்றியது. என் கோபமும் அங்கேயே அடங்கியது.

அடுத்து, காசுக் கணக்கு. வீட்டில் மூன்று பிள்ளை, தலைக்கு 450 வெள்ளி என்று வைத்துக்கொண்டால் 1,350 வெள்ளி. அதில் பசியாறல், சோறு, தண்ணீர், மின்சாரம் போகும். ஒரு பிள்ளை நின்றுவிட்டால் அந்த மாதம் துண்டு விழும். 2025 முதல் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி. அறுபது வயதுக்குட்பட்டவர் என்றால் அதில் 187 வெள்ளி சேமநிதிக்குப் பிடிப்பார்கள்; முதலாளி தம் பங்குக்கு 221 வெள்ளி போட வேண்டும். மாதம் 408 வெள்ளி உங்கள் பெயரில் சேரும். சொக்சோ பாதுகாப்பும் உண்டு. சேர்ந்த முதல் இரண்டு வருடங்களில் வருடத்துக்கு 8 நாள் சம்பளத்தோடு விடுமுறை, 14 நாள் நோய் விடுப்பு. பன்னிரண்டு வருடத்தில் காய்ச்சல் என்று ஒரு நாள் நான் படுத்ததில்லை, சகோதரிகளே. படுத்தால் யார் பிள்ளையைப் பார்ப்பது?

இழப்பும் உண்டு. மதியம் கொஞ்சம் கண்ணயர முடியாது. மாமியாருக்கு மருந்து கொடுக்க வேறு ஆள் வேண்டும். பேருந்துக் காசு போகும். இவற்றையெல்லாம்விட ஒன்று பெரிது. நான் பார்த்த பெண் பிள்ளையை அவள் தாய் அதே தாஸ்காவில் சேர்த்தார். அவளை வேறு அறையில் விட்டார்கள். கண்ணாடி வழியாக என்னைப் பார்த்து இரண்டு கையையும் நீட்டி அழுதாள். என் மடியில் வேறு மூன்று பிள்ளைகள். எழுந்து போகவில்லை. அன்று நான் உள்ளுக்குள் அழுதேன். இரண்டு வாரத்தில் அவள் தன் அறைச் சிற்றன்னையோடு சிரித்து விளையாடினாள். பிள்ளைகள் நம்மைவிடச் சீக்கிரம் பழகிவிடுகிறார்கள்.

போக நினைப்பவர்கள் முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். சமூகநல இலாகாவின் பதிவுச் சான்றிதழ் சுவரில் மாட்டியிருக்கிறதா? ஓர் ஆளிடம் எத்தனை பிள்ளைகளை விடுகிறார்கள்? சேமநிதியும் சொக்சோவும் கட்டுகிறார்களா? வேலை நேரமும் மிகைநேரச் சம்பளமும் கடிதத்தில் எழுதப்பட்டிருக்கிறதா? பயிற்சிக்கு யார் செலவு? இவற்றுக்கு முகம் சுளிக்கிற இடமானால் போகாதீர்கள். இப்போது உங்களிடம் பிள்ளை விடும் தாய்மாருக்கும் குறைந்தது இரண்டு மாதம் முன்னதாகச் சொல்லிவிடுங்கள். அவர்களும் வேறு இடம் தேட வேண்டுமல்லவா?

வீட்டிலேயே இருப்பதென்று முடிவு செய்தால், அதுவும் நல்லதுதான். சேமநிதிக்குச் சுயமாகவே கட்ட வழி இருக்கிறது, கட்டுங்கள். முதலுதவி கற்றுக்கொள்ளுங்கள். ஆபத்துக்கு ஓடிவர ஒரு அண்டை வீட்டாரிடம் இன்றே பேசி வையுங்கள்.

கோயிலில் கேட்ட சகோதரிக்கு என் பதில் இதுதான். கைகட்டி நிற்கப் போவதாக எண்ணாதீர்கள். பதினைந்து வருஷம் தனியாகச் சுமந்ததை இன்னொருவரோடு சேர்ந்து சுமக்கப் போகிறீர்கள். கேட்க வேண்டியதைக் கேட்டு, மனம் ஒப்பினால் தைரியமாகப் போங்கள்.

அடுத்த இதழில் சந்திப்போம்.