சைட்கார் செய்ய யார் கடைக்குப் போறது?

சைட்கார் என்ற கொக்டெயிலை வீட்டில் செய்ய மூன்று சாமான் போதும். 50 மில்லிலீற்றர் பிராண்டி. 20 மில்லிலீற்றர் குவாந்த்ரோ, அல்லது அதுபோல தோடம்பழத் தோலில் செய்த இனிப்பு மது. 20 மில்லிலீற்றர் லெமன் சாறு. சேக்கர் இல்லாவிட்டால் இறுக்கமான மூடியுள்ள ஜாம் போத்தல் காணும். மூன்றையும் நிறைய ஐஸ்கட்டியோடு போட்டு, போத்தலைப் பிடிக்க ஏலாத அளவுக்குக் குளிரும்வரை குலுக்கி, வடிச்சு, குளிரான கிளாஸில் ஊற்றினால் முடிஞ்சுது. லெமன் கிடைக்காட்டி எங்கட தேசிக்காயும் சரி, சுவை கொஞ்சம் மாறும், அவ்வளவுதான். போத்தலில் அடைச்சு விற்கிற சாறு மட்டும் வேண்டாம். மூன்றே சாமான் உள்ள பானத்தில் ஒன்று பழசெண்டால் உடனே நாக்கில் தெரியும்.

இதில் எந்தப் படி கஷ்டம்? அளக்கிறதோ குலுக்கிறதோ இல்லை. பிராண்டிப் போத்தலை வாங்கி வாறதுதான். அதுவும் வாங்கப் போறது ஒரு பெண் எண்டால்.

1978 ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 12 ஆம் உறுப்புரை, பால் காரணமாக எந்தப் பிரசைக்கும் பாரபட்சம் காட்டக்கூடாது என்கிறது. அதற்கு அடுத்த வருசமே, 1979 இல், வந்த மதுவரி அறிவித்தல் ஒன்று தவறணை வளாகத்துக்குள் பெண்ணுக்கு மது விற்கவோ கொடுக்கவோ கூடாது எண்டது. மது விற்கிற இடத்தில் பெண்ணொருவர் வேலை செய்யிறதுக்கும் மதுவரி ஆணையாளரின் அனுமதி வேண்டும் எண்டது. 2018 ஜனவரியில் அப்போதைய நிதியமைச்சர் மங்கள சமரவீர இந்தத் தடைகளை நீக்கி வர்த்தமானி அறிவித்தல் வெளியிட்டார். சில நாட்களிலேயே அப்போதைய ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன அதை மீளப்பெறச் சொன்னார். மீளப்பெறப்பட்டது. சில பெண்கள் அடிப்படை உரிமை மனுவோடு உயர் நீதிமன்றம் போனார்கள்.

அந்த நாட்களில் சொல்லப்பட்ட காரணங்கள் இன்றைக்கும் எங்கட வீடுகளில் உலாவுகின்றன. முதலாவது, "கலாசாரம்". ஆம்பிளை குடிச்சிட்டு ஒழுங்கையில் விழுந்து கிடந்தால் அது "பாவம், ஆளுக்குப் பிரச்சினை". பெண் தன் வீட்டுக் குசினியில் தேசிக்காய் பிழிஞ்சு ஒரு கிளாஸ் கலந்தால் கலாசாரம் அழியுது. கலாசாரத்தின் முழுப் பாரத்தையும் ஒரு பால் மட்டும் சுமக்க வேண்டுமெண்டு சொல்கிறதைக் கலாசாரம் எண்டு நாங்கள் ஏற்கமாட்டோம். அதற்குச் சரியான பெயர் காவல்.

இரண்டாவது காரணத்தை நாங்கள் லேசாக எடுக்கவில்லை. மது இந்த நாட்டில் வீடுகளை அழிச்சிருக்கு. மலையகத்தின் லயன்களிலும் வடக்கு கிழக்கின் மீனவக் கிராமங்களிலும் சம்பளம் தவறணைக்குப் போறதும், இரவில் அடி விழுறதும் எங்களுக்குத் தெரியாத கதையில்லை. பாதுகாப்பான மது அளவு எண்டு ஒன்று இல்லை என 2023 இல் உலக சுகாதார நிறுவனத்தின் ஐரோப்பியப் பிரிவும் சொன்னது. இதையெல்லாம் ஒத்துக்கொண்டுதான் கேட்கிறோம்: அடிச்சவர் யார்? சம்பளத்தைக் குடிச்சவர் யார்? அடி வாங்கினவளுக்குக் கடையைப் பூட்டி, அடிச்சவனுக்குத் திறந்து வைக்கிற விதி எந்த வீட்டைக் காப்பாற்றியது? குடும்ப வன்முறையைத் தடுக்க 2005 ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கு. 21 வயதுக்குக் குறைந்தவருக்கு மது விற்கக்கூடாதென 2006 ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கு. இவற்றை ஒழுங்காக நடைமுறைப்படுத்துங்கோ, நாங்களும் கூட நிற்கிறோம். பொலிசில் முறைப்பாடு கொடுக்கப் போற பெண்ணை "சமாளிச்சுப் போங்கோ" எண்டு திருப்பி அனுப்பிவிட்டு, கடை வாசலில் மட்டும் பெண்களின் நலன் பேசாதீர்கள்.

மூன்றாவது, "இது கொழும்பு மேல்தட்டுப் பெண்களின் பிரச்சினை". கொன்யாக் விலை கூடினதுதான். ஆனால் சைட்கார் உள்ளூர்ப் பிராண்டியிலும் வரும். அதோடு, விதி கடிக்கிறது ஆரை எண்டு பாருங்கோ. காரில் வந்து பெரிய சுப்பர் மார்க்கெட்டில் சாமான் வாங்கிற பெண்ணிடம் பல நேரம் ஒருவரும் கேள்வி கேட்கிறதில்லை. சிறுநகரத்து வைன் ஸ்டோர்ஸ் கம்பிக்கு முன்னால் தனியாக நிற்கிறவளுக்குத்தான் கேள்வி, பார்வை, பின்னாலிருந்து நக்கல். ஹோட்டல் பாரில் வேலை தேடுகிற இளம்பெண்ணுக்கும் இது சோறு சம்பந்தப்பட்ட விசயம். லண்டன் சவோய் ஹோட்டலின் அமெரிக்கன் பாரில் தலைமை பார்டெண்டராக 1903 இலேயே ஒரு பெண் இருந்தார். பெயர் அடா கோல்மன். பின்னர் அதே பாரின் தலைமைக்கு வந்த ஹரி கிரடொக் 1930 இல் வெளியிட்ட புத்தகத்தில் சைட்காரின் செய்முறையும் இருக்கு. சுற்றுலாவை நம்பி வாழ்கிற எங்கட நாடு, அந்தத் தொழிலைப் பெண் செய்யலாமா எண்டு ஆணையாளரிடம் கேட்கச் சொன்னது.

இனி அளவைப் பற்றி. மேலே சொன்ன செய்முறையில் பிராண்டியும் குவாந்த்ரோவும் 40 வீத மது. மொத்தம் 70 மில்லிலீற்றர். அதற்குள் சுத்த மதுசாரம் 28 மில்லிலீற்றர், நிறையில் ஏறக்குறைய 22 கிராம். பல நாடுகளில் 10 கிராமைத்தான் ஒரு கணக்கு எண்டு வைக்கிறார்கள். ஆக, கைக்கடக்கமான அந்தக் கிளாஸில் இருக்கிறது இரண்டு கணக்குக்கு மேல். இனிப்பும் புளிப்பும் அதை மறைச்சுவிடும். விளிம்பில் சீனி பூசி, "லேடீஸ் ட்ரிங்க், ஒண்டும் செய்யாது" எண்டு பார்ட்டியில் ஒரு அண்ணா நீட்டுகிற கிளாஸ் இதுவாகவும் இருக்கலாம். தன் கையால் அளந்து ஊற்றினவளுக்கு அது என்னெண்டு தெரியும். ஆரோ ஊற்றிக் கொடுக்கிறதை மட்டும் வாங்கிக் குடிக்க விடப்பட்டவளுக்குத் தெரியாது. பெண்ணை மதுவிலிருந்து காப்பாற்றுகிறோம் என்ற விதி உண்மையில் செய்தது இதைத்தான்: போத்தலையும் அளவையும் எப்போதும் ஒரு ஆணின் கையில் வைச்சது. தம்பியையோ காதலனையோ அனுப்பித்தான் வாங்க வேண்டும். என்ன வாங்கினான், எவ்வளவு ஊற்றினான் எண்டது அவன் சொல்கிறதுதான். கடையும் மூடியிருந்தால் கசிப்பு. கசிப்பு விற்கிறவர் வயதும் கேட்கமாட்டார், பாலும் கேட்கமாட்டார், உள்ளே என்ன கலந்திருக்கெண்டும் சொல்லமாட்டார்.

நாங்கள் ஆரையும் குடிக்கச் சொல்லவில்லை. குடிக்காத பெண்ணின் முடிவும் அவளுடையதாக இருக்க வேண்டும், விதிக்குப் பயந்ததாக இருக்கக்கூடாது. வரி போடுங்கோ, வயதெல்லை வையுங்கோ, குடிச்சிட்டு வாகனம் ஓட்டுறவரைப் பிடியுங்கோ. அவை எல்லாருக்கும் பொது. கடைக் கவுண்டரில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான், அது வயது. அடையாள அட்டையைக் காட்டுவோம். அதுக்கு மேல் ஒரு கேள்விக்கும் பதில் சொல்லமாட்டோம்.