முத்திரை சரி, முடிவுத் தேதி எங்கே?

சிசிடிவி கேமராக்களுக்கான கட்டாயப் பதிவு ஆணையில் சேர்ந்த புதிய பாதுகாப்பு விதிகள் 2025 ஏப்ரல் 9 முதல் நடைமுறையில் இருக்கின்றன. ‘எஸ்டிகியூசி சான்று உள்ள கேமராவா?’ என்று வீட்டுக்காரர்களே கேட்கத் தொடங்கிவிட்டார்கள். விலை கூடுகிறது, பழகிய மாடல்கள் டீலரிடம் இல்லை என்ற புலம்பலும் காதில் விழுகிறது. அதில் நியாயம் உண்டு. என்றாலும் விதிகளை வரவேற்கிறோம்.

யூஏஆர்டி, ஜேடேக் போர்ட்டுகள் திறந்து கிடக்கக் கூடாது. கருவிக்குக் கருவி தனிச் சாவி வேண்டும். கையொப்பமில்லாத ஃபர்ம்வேர் ஏறக் கூடாது. சோர்ஸ் கோடு ஆய்வகத்தின் கண்ணில் பட வேண்டும். 2016இல் மிராய் மால்வேர் நம் டிவிஆர்களைக் கூட்டம் கூட்டமாக வளைத்துப் போட்டபோதே இவை வந்திருக்க வேண்டும். ராஜ்கோட்டில் மகப்பேறு மருத்துவமனைக் காட்சிகள் டெலிகிராமில் விலைபோனதை 2025இல் பார்த்த பிறகும் இவற்றை எதிர்த்துப் பேச எவருக்கும் வாய் வராது.

ஆனால் ஆய்வகம் பார்ப்பது இன்றைய ஃபர்ம்வேரை. நாம் மாட்டும் கேமரா ஏழெட்டு ஆண்டு அதே சுவரில் இருக்கும். நாளைக்கு ஓர் ஓட்டை தெரியவந்தால் அதை அடைக்கும் பொறுப்பு நிறுவனத்துக்கு எதுவரை? இந்த இதழ் ஓயாமல் கேட்டுவரும் கேள்வி இதுதான்.

ஹிக்விஷனின் சிவிஇ-2021-36260 நினைவிருக்கும். பாஸ்வேர்டே இல்லாமல் உள்ளே விட்ட ஓட்டை. 2021 செப்டம்பரிலேயே பேட்ச் வந்தது. 2022 ஆகஸ்டில் சைபர் பாதுகாப்பு நிறுவனமான சைஃபர்மா பார்த்தபோதும் எண்பதாயிரத்துக்கும் மேற்பட்ட கேமராக்கள் பேட்ச் ஏறாமல் இணையத்தில் நின்றன. பேட்ச் கிடைத்த மாடல்களின் கதியே இது. பெயரை மட்டும் மாற்றி ஒட்டி வரும் ஓஇஎம் சரக்குக்குப் பேட்ச் எங்கிருந்து வரும்? இரண்டு தீபாவளி தாண்டினால் அந்தச் சரக்கின் ஆப் கூட இருப்பதில்லை.

பிரிட்டனில் 2024 ஏப்ரல் 29 முதல், பாதுகாப்பு அப்டேட் குறைந்தது எதுவரை வரும் என்று சொல்லாமல் வீட்டு இணையக் கருவிகளை விற்க முடியாது. ஐரோப்பிய ஒன்றியத்தின் சைபர் ரெசிலியன்ஸ் சட்டம் 2027 டிசம்பரில் முழுமையாக அமலாகும்போது, பொதுவாக ஐந்தாண்டு ஆதரவாவது தந்தாக வேண்டும். இங்கே பெட்டியில் எம்ஆர்பி இருக்கிறது, தயாரித்த மாதம் இருக்கிறது, பிஐஎஸ் எண் இருக்கிறது. அந்த ஒரு தேதி மட்டும் இல்லை. லேபிள் விதியில் ஒரு வரி கூட்டினால் முடிகிற வேலை.

முதலில் குறித்த 2024 அக்டோபர் கெடுவை ஆறு மாதம் தள்ளிவைக்க அமைச்சகத்துக்குத் தெரிந்தது. ஏணியில் ஏறி வேலை செய்பவனிடம் ஒரு வார்த்தை கேட்கத் தோன்றவில்லை. அரசு டெண்டர்களும் மெகாபிக்சல், டெராபைட், எல்1 விலை என்ற மூன்றோடு நின்றுவிடுகின்றன. ஏஎம்சி நிபந்தனைகளில் ஃபர்ம்வேர் என்ற சொல்லைத் தேடினாலும் கிடைப்பதில்லை. காட்சி வெளியே கசிந்தால் மட்டும் ‘யார் மாட்டினது?’ என்று முதல் போன் நமக்குத்தான் வருகிறது. சான்று கொடுத்தவரையும் சரக்கு விற்றவரையும் யாரும் ஸ்டேஷனுக்குக் கூப்பிடுவதில்லை. பாஸ்வேர்டை மாற்றிக் கொடுப்பது நம் கடமை. செய்யாதவர்களுக்கு வக்காலத்து வாங்கவில்லை. நிறுவனம் கைவிட்ட ஃபர்ம்வேருக்கும் நாமே பதில் சொல்ல வேண்டும் என்பது எந்த ஊர் நியாயம்?

ஆணையின் அடுத்த திருத்தத்தில் ஆதரவு முடியும் தேதி பெட்டியின் மேல் கட்டாயமாக வேண்டும். அதுவரை ஒவ்வொரு கொட்டேஷனிலும் மாடல் எண், ஃபர்ம்வேர் பதிப்பு, நிறுவனம் எழுத்தில் தந்த ஆதரவுத் தேதி மூன்றையும் குறித்து வாடிக்கையாளரிடம் கையெழுத்து வாங்குங்கள். தேதி தர மறுக்கும் பிராண்டை, எவ்வளவு மார்ஜின் கிடைத்தாலும், சிபாரிசு செய்யாதீர்கள்.