பழைய கதைக்கு எந்தப் பெட்டி வேணும்?

எங்களிடம் அடிக்கடி வாற கேள்வி ஒன்று இருக்கு. "குரோனோ ட்ரிகர் விளையாடோணும், என்னட்டை இருக்கிற கொன்சோலில ஓடுமோ?" கேட்பவர் அனேகமாக அந்த கேம் வந்த பிறகு பிறந்தவராக இருப்பார். அதன் இசையை எங்கேயோ கேட்டிருப்பார், யாரோ யூடியூப்பில் புகழ்ந்ததைப் பார்த்திருப்பார். எங்கட பதில் எப்பவும் "ஆனால்" என்று இழுபடும். அந்த "ஆனால்" பற்றித்தான் இண்டைக்குக் கதைக்கப் போறம்.

குரோனோ ட்ரிகர் 1995இல் சூப்பர் நிண்டெண்டோவுக்கு வந்த ரோல் பிளேயிங் கேம். ஃபைனல் ஃபேன்டசியின் ஹிரோனோபு சகாகுச்சி, டிராகன் குவெஸ்டின் யுஜி ஹோரி, டிராகன் போல் வரைந்த அகிரா தோரியாமா மூன்று பேரும் சேர்ந்த வேலை. பிறகு 1999இல் பிளேஸ்டேசனுக்கும், 2008இல் நிண்டெண்டோ டிஎஸ்ஸுக்கும், அதற்குப் பிறகு போனுக்கும், 2018இல் கணினிக்கும் வந்தது. கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனால் ஐரோப்பாவில் இது முதன்முதலாகக் கடைக்கு வந்ததே டிஎஸ் பதிப்பாக, 2009இல். வீ கொன்சோலின் இணையக் கடையில் 2011இல் வந்தது. அந்தக் கடையை 2019 ஜனவரியில் மூடிவிட்டார்கள். 2018இல் கணினிக்கு வந்தபோது, அந்த நேரம் எல்லாரும் வைத்திருந்த பிளேஸ்டேசன் 4க்கோ ஸ்விட்ச்சுக்கோ வரவில்லை. வந்த கணினிப் பதிப்பும் போனுக்குச் செய்த எழுத்துகளோடும் மெனுக்களோடும் அப்படியே வந்து, ரசிகர்களிடம் நல்லா ஏச்சு வாங்கித்தான் திருத்தப்பட்டது.

இவ்வளவும் உலகமே கொண்டாடுகிற ஒரு கேமுக்கு. மற்றதுகளின் நிலையை யோசித்துப் பாருங்கோ. 2006இல் ஜப்பானில் வந்த மதர் 3ஐ நிண்டெண்டோ ஆங்கிலத்தில் வெளியிடவில்லை. 2008இல் ரசிகர்களே கூலி இல்லாமல் மொழிபெயர்த்தார்கள். 2024இல் ஸ்விட்ச் சந்தாவில் அது சேர்ந்தபோதும் ஜப்பானுக்கு மட்டும்தான். 2023 மார்ச்சில் வீ யூ, 3டிஎஸ் கடைகள் இரண்டும் மூடப்பட்டன. அதே வருடம் வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் செய்த ஆய்வின்படி, 2010க்கு முன்னர் அமெரிக்காவில் வெளியான கேம்களில் 87 வீதம் இப்போது விற்பனையில் இல்லை.

"பழைய கேம்தானே, போனால் போகட்டும்" என்று சிலர் சொல்லுவினம். கார் ஓட்டுற கேம் என்றால் புதுசு வந்து பழசின் இடத்தைப் பிடிக்கலாம். ஆர்பிஜி அப்படி இல்லை. நாற்பது ஐம்பது மணித்தியாலம் ஒரு கதைக்குள் இருந்துவிட்டு வருகிறோம். அது ஒரு நாவல் மாதிரி. அதற்குப் பதிலாக வேறொன்றை வைக்கேலாது. சூப்பர் நிண்டெண்டோ காலத்து ஆர்பிஜி கார்ட்ரிட்ஜ்களுக்குள் சேமித்த விளையாட்டைப் பிடித்து வைத்திருப்பது ஒரு சின்ன பற்றரி. அது இறங்கினால் எல்லாம் அழிந்துபோகும். அசல் பெட்டியை வைத்திருப்பவருக்கும் நிரந்தரம் இல்லை.

கொம்பனிகள் கூடத் தங்கட பொருளை ஒழுங்காக வைத்திருக்கவில்லை. கிங்டம் ஹார்ட்ஸ் 2002இல் வந்தது. 2013இல் அதை மறுபடி வெளியிடப் போனபோது மூலக் கோப்புகள் தொலைந்திருந்தன, பலதைத் திரும்பச் செய்யவேண்டி வந்தது. பதினொரு வருடம்தான் இடைவெளி.

ரீமேக் வருகுதே என்று கேட்கலாம். 1994இல் ஜப்பானில் மட்டும் வந்த லைவ் எ லைவ் 2022இல் ரீமேக் ஆகித்தான் வெளியுலகத்துக்கு வந்தது, சந்தோசம். ஆனால் 2020இல் வந்த ஃபைனல் ஃபேன்டசி 7 ரீமேக்கை விளையாடினவர் 1997 கேமை விளையாடினதாகாது. கதையே வேற பக்கம் போகுது. அந்த 1997 கேமை 2019இல் ஸ்விட்ச்சுக்கும் எக்ஸ்பொக்ஸுக்கும் கொண்டு வந்தார்கள். மனம் வைத்தால் செய்யலாம் என்பதற்கு அதுவே சாட்சி.

எங்களுக்கு இன்னொரு சிக்கலும் இருக்கு. ஒரு கொன்சோலின் இணையக் கடையில் கணக்குத் திறக்கப் போனால் நாடுகளின் பட்டியலில் இலங்கையே இல்லை. வேறு நாட்டுக்காரராகப் பொய் சொல்லித்தான் உள்ளே போகவேணும். சின்ன வயதில் நாங்கள் விளையாடிய பிளேஸ்டேசன் 2 டிஸ்க்குகளில் எத்தனை அசல்? நேர்மையாகச் சொன்னால் ஒன்றுமில்லை. அதில் பெருமைப்பட ஒன்றும் இல்லை. ஆனால் இண்டைக்குக் காசு குடுத்து வாங்கத் தயாராக நிற்கிறவனுக்கும் கதவைப் பூட்டிவிட்டு, அவனைக் கள்ளன் என்று சொல்லுறது நியாயமோ?

நாங்கள் இலவசமாகக் கேட்கவில்லை. ரீமேக்கோடு அசலையும் விற்கட்டும். நாடு பார்த்துப் பூட்டாமல் விற்கட்டும். விற்க விருப்பமில்லை என்றால், நூலகங்கள் பாதுகாத்து வாசகருக்குக் குடுக்க வழிவிடட்டும். இப்போது விற்பனையில் இல்லாத கேம்களை ஆய்வாளர்கள் தூரத்திலிருந்தே பார்க்க நூலகங்கள் அனுமதி கேட்டபோது, 2024 ஒக்டோபரில் அமெரிக்கக் காப்புரிமை அலுவலகம் மறுத்துவிட்டது. எங்கட பழைய சஞ்சிகைகளை நூலகம் தளம் ஸ்கேன் பண்ணி வைத்திருக்காவிட்டால் எத்தனையை நாங்கள் கண்ணால் கண்டிருப்பம்? அச்சில் இல்லாத புத்தகத்துக்கு அது சரி என்றால், விற்பனையில் இல்லாத கேமுக்கு ஏன் பிழை?

கேள்வி கேட்ட தம்பிக்குப் பதில் சொல்லாமல் விடக்கூடாது. கணினி இருந்தால் குரோனோ ட்ரிகரை அதில் வாங்கி விளையாடு. இப்பவே விளையாடு. கடை எப்ப மூடும் என்று எங்கள் ஒருவருக்கும் தெரியாது.